நிற்கும் பாதமும் ஓடும் பாதமும்: நிலை அளவீடுகளின் முன்கணிப்புத் திறன் குறித்த ஆய்வு

ஓட்டப் பயிற்சி செய்வோர் புதிய காலணி வாங்கச் செல்லும்போதும், முழங்கால் வலிக்கோ குதிகால் வலிக்கோ சிகிச்சை தேடும்போதும், பெரும்பாலும் முதலில் நடப்பது அவர்களை நிற்க வைத்துப் பாதத்தை அளப்பதாகும். உள்ளங்கால் வளைவின் உயரம், குதிகாலின் சாய்வு, ஈரக்கால் தரையில் பதிக்கும் சுவடு ஆகியவற்றைக் கொண்டு பாதம் தட்டையானது, இயல்பானது, உயர்ந்த வளைவுடையது என்று வகைப்படுத்தப்படுகிறது. ஓடும்போது அந்தப் பாதம் எவ்வாறு சாயும், எங்கே வலி தோன்றும், எந்தக் காலணி அதைத் தடுக்கும் என்பனவெல்லாம் அந்த வகையிலிருந்தே ஊகிக்கப்படுகின்றன. அசையாமல் நிற்கும் பாதத்தின் வடிவம், ஓடும் பாதத்தின் அசைவை முன்னறிவிக்கும் என்னும் எடுகோளே இந்த நடைமுறைக்கு அடிப்படை. அந்த எடுகோள் எங்கிருந்து வந்தது, ஆய்வுகள் அதை எந்த அளவுக்குத் தாங்குகின்றன, தாங்காத இடங்களில் காரணம் என்ன என்பவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பாதம் அசையும் விதம்

மனிதப் பாதம் 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் கொண்டது. இவற்றுள் இங்கு முதன்மையானது, கணைக்காலைத் தாங்கும் கணு எலும்புக்கும் அதன் கீழுள்ள குதிகால் எலும்புக்கும் இடைப்பட்ட மூட்டு. கணுவுக்குக் கீழே இருப்பதால் அதைக் கணுக்கீழ் மூட்டு எனலாம். இம்மூட்டின் சுழல் அச்சு கிடையாகவும் இல்லை, செங்குத்தாகவும் இல்லை; பின்கீழிலிருந்து முன்மேலாகச் சாய்ந்து, உட்பக்கமாகவும் சற்றுத் திரும்பியிருக்கிறது. இந்தச் சாய்வச்சின் காரணமாக, காலூன்றிய நிலையில் குதிகால் உட்பக்கம் சாயும்போது உள்ளங்கால் வளைவு தாழ்கிறது, முன்பாதம் வெளிப்புறம் திரும்புகிறது, கணைக்கால் உட்புறமாகச் சுழல்கிறது. ஒன்றோடொன்று பிணைந்த இந்த அசைவுத் தொகுதியே உட்சாய்வு. ஆங்கில வழக்கில் இது புரோனேஷன் எனப்படுகிறது. இதன் எதிர்த்திசை அசைவு வெளிச்சாய்வு ஆகும்.

குதிகால் முதலில் தரையைத் தொடும்படி ஓடுபவரின் பாதம் பொதுவாக வெளி விளிம்பில் இறங்கி, உடனே உட்சாய்ந்து, ஊன்றலின் நடுப்பகுதிக்குப் பின் மீண்டும் வெளிச்சாய்ந்து தரையை உந்துகிறது. இவை அனைத்தும் ஏறத்தாழ கால் நொடிக்குள் நடந்து முடிகின்றன. அந்த நேரத்தில் தரை தரும் செங்குத்து எதிர்விசை உடல் எடையின் இரண்டு முதல் மூன்று மடங்கு வரை உயர்கிறது. இரு கால்களிலும் சமமாக நிற்பவரின் ஒவ்வொரு பாதமும் உடல் எடையில் பாதியை மட்டுமே தாங்குவதால், ஓடும் பாதம் நிற்கும் பாதத்தைவிட நான்கு முதல் ஆறு மடங்கு வரை பாரம் சுமக்கிறது என்பது எளிய கணக்கிலேயே தெளிவாகும்.

பாரம் ஏறும்போது வளைவு தாழ்வது கோளாறு என்று கருதுவது தவறு. 1987-இல் கேர், மெக்நீல் அலெக்சாண்டர் முதலியோர், அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட பாதங்களை இயந்திரத்தில் அழுத்திச் சோதித்து, ஓட்டத்தின் ஒவ்வோர் ஊன்றலிலும் பாத வளைவு ஏறக்குறைய 17 ஜூல் ஆற்றலைச் சுருள்வில்லைப் போலச் சேமித்துத் திருப்பித் தருகிறது என்று கணித்தனர். வளைவு தாழ்வதைச் சிறப்பு உள்தாங்கிகளால் தடுத்தபோது, சமதளத்தில் ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழ 6 விழுக்காடு கூடியதை 2016-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே, உட்சாய்வும் வளைவுத் தாழ்வும் ஓட்டத்தின் இயல்பான பகுதிகள்; அவற்றின் அளவும் வேகமும் நேரமும் ஆளுக்கு ஆள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே கேள்வி.

நிற்கும் பாதத்தை அளக்கும் முறைகள்

மிக எளிய முறை சுவடு எடுப்பது. கவனா, ராட்ஜர்ஸ் ஆகிய இருவரும் 1987-இல் இதற்கு எண் வடிவம் தந்தனர். விரல்களை நீக்கிய சுவட்டை நீளவாக்கில் மூன்று சமபங்குகளாகப் பிரித்து, நடுப்பங்கின் பரப்பை மொத்தப் பரப்பால் வகுத்தால் வளைவுச் சுட்டெண் கிடைக்கும். அது 0.21 அல்லது அதற்குக் குறைவானால் உயர்வளைவு, 0.26 அல்லது அதற்கு மேற்பட்டால் தாழ்வளைவு. எனினும் சுவடு தோலின் தொடுபரப்பை மட்டுமே காட்டுகிறது. உள்ளங்கால் கொழுப்பு மிகுந்தவரின் எலும்பு வளைவு உயர்ந்தே இருந்தாலும் அவரது சுவடு தட்டையாகத் தோன்றக்கூடும்.

இரண்டாவது முறை, 1982-இல் பிரோடி விவரித்த படகெலும்புத் தாழ்வுச் சோதனை. உள்வளைவின் உச்சியில் படகு வடிவில் அமைந்த எலும்பின் புடைப்பைத் தொட்டறிந்து, அதன்மேல் பேனாவால் புள்ளியிடுகின்றனர். அளக்கப்படுபவர் உட்கார்ந்திருக்க, கணுவெலும்பின் தலை இருபுறமும் ஒரே அளவில் விரல்களுக்குத் தட்டுப்படும் நிலைக்குப் பாதத்தைக் கொண்டுவந்து, அருகில் நிறுத்திய அட்டையில் அப்புள்ளியின் உயரத்தைக் குறிக்கின்றனர். பின்பு அவர் எழுந்து பாரத்தை ஊன்றி இயல்பாக நிற்க, புள்ளி தாழ்ந்த இடத்தை அதே அட்டையில் மீண்டும் குறிக்கின்றனர். இரு கோடுகளுக்கும் இடையிலான தொலைவே தாழ்வு. 10 மில்லிமீட்டர் அளவு இயல்பென்றும் 15 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது மிகையென்றும் கொள்வது வழக்கம். புள்ளி இடுவதில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிசகினாலே வகை மாறிவிடும் அளவுக்கு இந்த இடைவெளி சிறியது.

மூன்றாவது, ரெட்மண்டும் உடன் ஆய்வாளரும் உருவாக்கிய பாதத் தோற்றச் சுட்டெண். கணுவெலும்புத் தலையின் தொடுநிலை, வெளிக்கணுவின் மேலும் கீழுமுள்ள வளைவுகள், குதிகாலின் சாய்வு, படகெலும்பருகே தோன்றும் புடைப்பு, உள்வளைவின் வடிவம், முன்பாதம் வெளிப்புறம் திரும்பியுள்ள அளவு ஆகிய ஆறு கூறுகளுக்கும் –2 முதல் +2 வரை மதிப்பிட்டுக் கூட்டினால் –12 முதல் +12 வரையிலான எண் கிடைக்கும். இவற்றோடு, பாத நீளத்தின் நடுவில் மேற்புற உயரத்தை அளந்து, குதிகாலிலிருந்து பெருவிரல் அடிமூட்டு வரையிலான நீளத்தால் வகுக்கும் வளைவு உயர விகிதம், உட்கணு, படகெலும்பு, பெருவிரல் அடிமூட்டு ஆகிய மூன்று புள்ளிகளை இணைத்து அளக்கும் நெடுவளைவுக் கோணம், எக்ஸ்ரே படத்தில் அளக்கும் எலும்புக் கோணங்கள் ஆகியனவும் பயன்பாட்டில் உள்ளன.

எடுகோளின் தோற்றம்

நிற்கும் பாதத்திலிருந்து இயங்கும் பாதத்தை அறியலாம் என்ற கருத்துக்கு முறையான கோட்பாட்டு வடிவம் தந்தவர் அமெரிக்கப் பாத மருத்துவர் மெர்ட்டன் ரூட். ஓரியன், வீட் ஆகியோருடன் சேர்ந்து அவர் 1977-இல் வெளியிட்ட நூல், கணுக்கீழ் மூட்டு உட்சாய்வோ வெளிச்சாய்வோ இல்லாத நடுநிலை ஒன்றை வரையறுத்து, இயல்பான பாதம் ஊன்றலின் நடுப்பகுதியில் அந்நிலைக்கு வரவேண்டும் என்றும், அதிலிருந்து விலகிய அமைப்புடைய பாதம் பிறழ்வாக இயங்கும் என்றும் கற்பித்தது. ஒழுங்கான பரிசோதனை முறை ஒன்றை முதன்முதலாகத் தந்ததால், அக்கோட்பாடு உலகெங்கும் பாத மருத்துவக் கல்வியின் முதுகெலும்பாக விளங்கியது.

அதன் இரு தூண்களும் பின்னர் ஆட்டங்கண்டன. முதலாவது, அளவீட்டின் நம்பகம். எல்வெரு, ரோத்ஸ்டைன், லாம்ப் ஆகியோர் 1988-இல் சிகிச்சையகச் சூழலில் சோதித்தபோது, கணுக்கீழ் மூட்டின் நடுநிலையை ஒரே பாதத்தில் வெவ்வேறு பரிசோதகர்கள் அளந்ததில் அவர்களிடையிலான உடன்பாட்டுக் கெழு 0.25 மட்டுமே; முழு உடன்பாட்டை 1 என்று குறிக்கும் அளவுகோலில் இது மிகத் தாழ்ந்த மதிப்பு. இரண்டாவது, நடுநிலையின் உடலியல் பொருள். மெக்பாய்ல், கார்ன்வால் ஆகியோர் 1994-இலும், பியரினோவ்ஸ்கி, ஸ்மித் ஆகியோர் 1996-இலும் வெளியிட்ட நடை ஆய்வுகளின்படி, நலமானவர்களின் பாதம் ஊன்றலின் பெரும்பகுதியில் அந்த நடுநிலையைவிட உட்சாய்ந்தே இருந்தது. நலமான பாதங்களே எட்டாத ஒரு நிலையை இயல்பின் அளவுகோலாகக் கொள்ள இயலாது.

ஆய்வுகள் காட்டும் ஒட்டுறவு

நடையில் செய்யப்பட்ட ஆய்வுகள் முதலில் கருதத்தக்கவை. ஓட்டத்தைவிட மெதுவானதும் நிற்றலுக்கு நெருக்கமானதுமான நடையிலேயே முன்கணிப்பு தளர்ந்தால், ஓட்டத்தில் அது வலுப்பெறும் என்று எதிர்பார்க்க இடமில்லை. 1997-இல் கவனாவும் அவரது குழுவினரும் 50 பேரின் பாதங்களை எக்ஸ்ரே எடுத்து எலும்பமைப்பை நுணுக்கமாக அளந்து, நடக்கும்போது உள்ளங்காலில் ஏற்படும் அழுத்தத்துடன் ஒப்பிட்டனர். அழுத்த வேறுபாட்டில் ஏறத்தாழ 35 விழுக்காட்டை மட்டுமே எலும்பமைப்பால் விளக்க முடிந்தது. 2006-இல் ரெட்மண்ட் குழுவினர் பாதத் தோற்றச் சுட்டெண்ணைச் சரிபார்த்தபோது, அது நிற்கும் நிலையின் வேறுபாட்டில் 64 விழுக்காட்டையும், நடையின் நடு ஊன்றல் நிலையின் வேறுபாட்டில் 41 விழுக்காட்டையும் விளக்கியது. பாதம் அசையத் தொடங்கிய உடனே விளக்கத்திறன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

இந்த விழுக்காடுகளின் பொருளைச் சரியாக உணர்தல் வேண்டும். ஒரு கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் சிதறலை 100 அலகுகள் எனக் கொண்டால், வேறுபாட்டில் 41 விழுக்காட்டை விளக்கும் அளவீடு அச்சிதறலை ஏறத்தாழ 77 அலகுகளுக்குக் குறைக்கிறது. 35 விழுக்காட்டை விளக்குவது 81 அலகுகளுக்குக் குறைக்கிறது. ஒரு கூட்டத்தின் சராசரிப் போக்கை அறிய முனையும் ஆய்வாளருக்கு இது மதிப்புள்ள தகவல். எதிரே நிற்கும் ஒரே ஒருவரின் பாதம் எவ்வாறு அசையும் என்று சொல்ல வேண்டிய மருத்துவருக்கோ, ஐயத்தில் நான்கில் மூன்று பங்கு அப்படியே எஞ்சுகிறது. ஆய்வறிக்கைகளில் காணும் புள்ளியியல் முக்கியத்துவம் என்ற சொல், தற்செயலாக நேராத தொடர்பு என்பதை மட்டுமே குறிக்கிறது. தனிமனிதருக்கு முன்கணிப்புச் சொல்லப் போதுமான தொடர்பு என்பதை அது குறிப்பதில்லை.

ஓட்டத்தை நேரடியாக ஆராய்ந்த பணிகளுள் 1993-இல் நிக், கோல், நாக்பாவர் ஆகியோர் வெளியிட்டது அடிப்படையானது. 30 பேரின் வளைவு உயரத்தை அளந்து, அவர்களை ஓடச் செய்து கால் அசைவுகளைப் பதிந்தபோது, வளைவு உயரம் குதிகாலின் உச்ச உட்சாய்வையும் பாதிக்கவில்லை, கணைக்காலின் உச்ச உட்சுழற்சியையும் பாதிக்கவில்லை. தாழ்ந்த வளைவு மிகையாக உட்சாயும் என்ற பரவலான நம்பிக்கைக்கு இது நேர் முரணானது. ஆனால் அதே ஆய்வில் மற்றொரு தொடர்பு வெளிப்பட்டது: உட்சாய்வில் எவ்வளவு பங்கு கணைக்கால் சுழற்சியாக மாறுகிறது என்னும் விகிதம் வளைவு உயர்ந்தவர்களிடம் கூடுதலாக இருந்தது; அவ்விகித வேறுபாட்டில் 27 விழுக்காட்டை வளைவு உயரம் விளக்கியது. அசைவு எவ்வளவு என்பதைச் சொல்லாத வடிவம், அசைவு மேல்நோக்கிக் கடத்தப்படும் முறையைப் பற்றி ஓரளவு சொல்கிறது. கணுக்கீழ் மூட்டின் அச்சு எவ்வளவு செங்குத்தாக உள்ளதோ அவ்வளவு அசைவு சுழற்சியாக மாறும் என்ற இயந்திர விதியுடன் இது பொருந்துகிறது.

இதற்கு மாறாகத் தோன்றும் சான்றும் உண்டு. மெக்பாய்ல், கார்ன்வால் ஆகியோர் 2007-இல் அனுபவமுள்ள ஓட்டக்காரர்களை ஆராய்ந்து, நிற்கும்போது அளந்த நெடுவளைவுக் கோணம், ஓட்டத்தின் நடு ஊன்றலில் அதே கோணம் எவ்வளவு இருக்கும் என்பதைச் சிறப்பாக முன்னறிவிக்கிறது என்று கண்டனர். இவ்விரு முடிவுகளும் உண்மையில் மோதவில்லை. அவை இரு வேறு கேள்விகளுக்கான விடைகள். நடு ஊன்றலில் பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரு கேள்வி. தரையைத் தொட்ட கணத்திலிருந்து அந்நிலை வரை அது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக நகர்ந்தது என்பது வேறொரு கேள்வி. தாழ்ந்த வளைவோடு நிற்பவர் தாழ்ந்த வளைவோடே ஓடுவார் என்பது பெருமளவு உண்மை. ஆனால் ஏற்கெனவே தாழ்ந்த வளைவு மேலும் தாழ இடமின்றி விறைப்பாக இருக்கலாம். உயர்ந்த வளைவு ஒவ்வோர் ஊன்றலிலும் பெருமளவு தாழ்ந்து எழலாம். நிலையை அசைவாகக் கருதிவிட்ட குழப்பமே இத்துறையின் பல சர்ச்சைகளுக்கு வேர்.

முன்கணிப்பு தளர்வதன் காரணங்கள்

முதற்காரணம் பாரமும் வேகமும். தசைநார்களும் மூட்டிணைப்புகளும் இழுவிசை கூடக்கூட விறைப்பேறும் இயல்புடையவை. பாதி உடல் எடையில் அவை எவ்வளவு நீண்டன என்பதை வைத்து, மும்மடங்கு எடையில், அதுவும் கால் நொடிக்குள், எவ்வளவு நீளும் என்று நேர்க்கோடு போட்டுச் சொல்ல இயலாது.

இரண்டாவது காரணம் தசைகளின் செயல். உள்ளங்காலில் வளைவை ஒட்டி அமைந்த சிறு தசைகளை மின்தூண்டலால் சுருங்கச் செய்தபோது, பாரத்தின்கீழ் தாழ்ந்திருந்த வளைவு மீண்டும் உயர்ந்ததைக் கெல்லி முதலியோர் 2014-இல் காட்டினர். அடுத்த ஆண்டு அத்தசைகள் ஓட்டத்தின்போது வளைவை நெறிப்படுத்துவதையும் பதிவு செய்தனர். நிற்கும்போது பெரும்பாலும் ஓய்ந்திருக்கும் இத்தசைகள் எப்போது, எவ்வளவு முனையும் என்பதை எந்தச் சுவடும் அளவுகோலும் காட்டுவதில்லை.

மூன்றாவது காரணம், அளக்கப்படாத அமைப்பு. கணுக்கீழ் மூட்டின் அச்சு கிடைத்தளத்திலிருந்து சராசரியாக 42 பாகை உயர்ந்திருப்பதாகக் கண்ட இன்மன், அது ஏறத்தாழ 20 பாகை முதல் 68 பாகை வரை ஆளுக்கு ஆள் மாறுவதையும் பதிவு செய்தார். வெளித்தோற்றத்தில் ஒத்த இரு பாதங்களுக்குள் இவ்வளவு மாறுபட்ட அச்சுகள் இருக்கக்கூடும். மேலும், மதுசூதன் வெங்கடேசன், ஷ்ரேயஸ் மாண்ட்ரே, மகேஷ் பாண்டி முதலியோர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு, பாதத்தின் நீளவாக்கு விறைப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் குறுக்குவளைவால் கிடைக்கிறது என்று காட்டியது. மருத்துவர்கள் பெரும்பாலும் அளந்துவந்ததோ நெடுவளைவையே. நான்காவது காரணம் ஓடும் முறை. குதிகாலில் இறங்குவது, முன்பாதத்தில் இறங்குவது, எட்டின் நீளம், இரு பாதங்களுக்கும் இடையிலான அகலம், இடுப்புத் தசைகளின் கட்டுப்பாடு ஆகியவை மாறும்போது, அதே பாதம் வேறுவிதமாக அசைகிறது.

இவற்றோடு, ஒப்பிடப்படும் அசைவு அளவீடே குறையுடையது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பெரும்பாலான ஆய்வகங்களில் தோலிலோ காலணியின் பின்புறத்திலோ ஒட்டிய குறிகளைக் கேமராக்கள் பின்தொடர்கின்றன. 1990-களின் இறுதியில் ரைன்ஷ்மிட், ஸ்டாகோஃப் முதலியோர், தன்னார்வலர்களின் எலும்புகளிலேயே மெல்லிய ஊசிகளைப் பொருத்தி ஓடச் செய்தபோது, காலணியில் ஒட்டிய குறிகள் குதிகால் எலும்பின் அசைவை மிகைப்படுத்திக் காட்டுவது வெளிப்பட்டது. அதே ஊசி முறையை ஆர்ன்ட் முதலியோர் 2007-இல் மெதுவோட்டத்தில் நான்கு பேரிடம் பயன்படுத்தியபோது, பாதத்தின் நடு எலும்புகளுக்கிடையே கணிசமான அசைவு நிகழ்வது தெரியவந்தது. பாதத்தை ஒரே கட்டையாகக் கருதி அளந்த ஆய்வுகள் அந்த அசைவைக் காணவே இல்லை. ஆகவே தளர்ந்த ஒட்டுறவில் ஒரு பங்கு, நிற்கும் அளவீட்டின் குறையோடு ஓடும் அளவீட்டின் குறையும் சேர்ந்து விளைந்தது.

நடைமுறை விளைவுகள்

எடுகோளின் வலுவைச் சோதிக்கும் கடுமையான களம் காயத் தடுப்பு. அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படைக் காலாட்படை ஆகியவற்றின் அடிப்படைப் பயிற்சியில், நாப்பிக் தலைமையிலான குழு பயிற்சி பெறும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்கு நிற்கும் பாதத்தின் சுவட்டு வடிவத்துக்கேற்பக் காலணி தரப்பட்டது: தாழ்வளைவுக்கு அசைவைக் கட்டுப்படுத்தும் காலணி, உயர்வளைவுக்கு மெத்தென்ற காலணி, இடைப்பட்டோருக்கு உறுதிக் காலணி. மறுபிரிவினர் அனைவருக்கும், பாதம் எப்படி இருந்தாலும், உறுதிக் காலணியே வழங்கப்பட்டது. 2009, 2010 ஆண்டுகளில் வெளியான முடிவுகளின்படி, மூன்று படைகளிலும் இரு பிரிவினரின் காய விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு ஒரே வகைக் காலணி தந்து ஓராண்டு பின்தொடர்ந்து, 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்விலும், மிதமாக உட்சாய்ந்த பாதம் காய ஆபத்தைக் கூட்டவில்லை. அதற்கும் முன்னரே, 1993-இல் தரைப்படையில் பயிற்சி பெற்ற 246 பேரிடம் கோவன், ஜோன்ஸ், ராபின்சன் ஆகியோர் செய்த ஆய்வில், தட்டைப் பாதத்தினரே குறைவாகக் காயமுற்றிருந்தனர்.

எதிர்ச்சான்றையும் நேர்மையாக எடைபோட வேண்டும். லக்சம்பர்க்கில் மலிசூ முதலியோர் 372 ஓட்டக்காரர்களுக்கு, எந்த வகை என்று தெரியாதபடி, அசைவுக் கட்டுப்பாடு உள்ள காலணியையோ இல்லாத காலணியையோ வழங்கி ஆறு மாதம் பின்தொடர்ந்தனர். கட்டுப்பாட்டுக் காலணி அணிந்தோரிடம் காயம் குறைந்தது. அந்தப் பயன் பாதத் தோற்றச் சுட்டெண்படி உட்சாய்ந்த பாதமுடையோரிடமே தெளிவாகத் தெரிந்தது. எனவே, நிலை அளவீடு முற்றிலும் பயனற்றது என்ற முடிவும் மிகையானது. அந்தப் பயன் எந்த வழியில் விளைந்தது என்பது தனிக் கேள்வி. நின்ற பாதத்தின் வகை ஓட்டத்தின் அசைவை முன்னறிவித்தது என்பதற்கு அதுவே சான்றாகிவிடாது.

நிலை அளவீட்டுக்கு உரிய இடங்களும் உண்டு. காலணியின் நீள அகலப் பொருத்தத்தை முடிவு செய்வதற்கும், இரு பாதங்களும் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருப்பதைக் கண்டறிவதற்கும், முன்பு வளைவோடு இருந்த ஒரு பாதம் பெரியவர்களிடம் படிப்படியாகத் தட்டையாவதைத் தொடர்ந்து கவனிப்பதற்கும் அது இன்றியமையாதது. பெருங்கூட்டங்களை ஒப்பிடவும் அது உதவும். இந்தியாவில் உதயபாஸ்கர ராவ், பெஞ்சமின் ஜோசஃப் ஆகியோர் 2300 குழந்தைகளின் சுவடுகளை எடுத்து 1992-இல் வெளியிட்ட ஆய்வில், காலணி அணிந்து வளர்ந்தோரிடம் 8.6 விழுக்காடும், வெறுங்காலுடன் வளர்ந்தோரிடம் 2.8 விழுக்காடும் தட்டைப் பாதம் காணப்பட்டது. பாதத்தின் வடிவம் பற்றிய கேள்விக்கு வடிவத்தை அளந்தே கண்ட விடை என்பதால்தான் அது உறுதியாக நிற்கிறது.

முடிவுரை

இதுவரையிலான சான்றுகளைத் தொகுத்தால் மூன்று முடிவுகள் எழுகின்றன. நிற்கும் பாதத்தின் அளவீடுகள், ஓட்டத்தின் நடு ஊன்றலில் பாதம் இருக்கும் நிலையை ஓரளவு, சில அளவீடுகளில் நன்றாகவே, காட்டுகின்றன. பாதம் எவ்வளவு அசைகிறது, எவ்வளவு விரைவாக அசைகிறது என்பதைத் தனிமனித அளவில் நம்பத்தக்க விதத்தில் அவை காட்டுவதில்லை. அசைவிலிருந்து காயத்தையும், காயத்திலிருந்து காலணியையும் ஊகிக்கும் அடுத்தடுத்த படிகளில் இந்த ஐயம் பெருகுகிறதே ஒழியக் குறைவதில்லை.

ஆகவே, தட்டைப் பாதம் என்ற ஒரு சொல்லைக் கேட்டு ஓடுவதையே கைவிடும் இளைஞருக்கும், வலியேதும் இல்லாதபோதே திருத்தக் காலணிக்குப் பெரும்பணம் செலவிடுபவருக்கும், அறிவியல் அவ்வாறு கட்டளையிடவில்லை என்பது தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். வலியோடு வருபவரிடம் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியவை எப்போது வலித்தது, பயிற்சி எவ்வளவு வேகமாகக் கூட்டப்பட்டது, முன்பு காயம் உண்டா என்பன. பாதத்தின் அசைவு பற்றி ஐயம் எழுந்தால், அவரை ஓடச் செய்து, ஓடும்போதே அந்த அசைவைப் பார்க்க வேண்டும். அட்டையில் இழுத்த இரு கோடுகளின் இடைவெளி, அவர் எழுந்து நின்றபோது படகெலும்பு எத்தனை மில்லிமீட்டர் தாழ்ந்தது என்பதைச் சொல்லும். ஓடும்போது அது என்ன செய்யும் என்ற கேள்வி அந்த அட்டையிடம் கேட்கப்படவே இல்லை.